பிணைப்பை ஒளியால் படித்தவர்

கே.கே. நகரிலிருந்து திருவானைக்காவலுக்குச் செல்பவர் திருச்சி மாநகரைத் தெற்கிலிருந்து வடக்காக முழுவதும் கடக்க வேண்டும். கடைவீதிகளின் நெரிசல் முடிந்து பேருந்து காவிரிப் பாலத்தில் ஏறிய பிறகுதான் வானம் தடையின்றிக் கண்ணில் படும். மேலே நீல வானம். கீழே, ஆற்றில் புதுவெள்ளம் வரும் நாள்களில், வண்டல் கலந்த பழுப்பு நீர். இரண்டின் மீதும் படுவது ஒரே வெயில்தான். ஒன்று நீலமாகவும் மற்றொன்று பழுப்பாகவும் ஏன் தோன்றுகின்றன என்று பாலத்தைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களில் நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

கேட்ட ஒருவர் அந்தப் பாலத்தின் மறுகரையில்தான் பிறந்தார். 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்த சந்திரசேகர வேங்கட ராமன், நிறத்தைப் பற்றிய அந்த எளிய கேள்வியைப் பற்றிக்கொண்டே சென்று, பொருள்களின் உள்ளே அணுக்கள் எவ்வாறு ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கின்றன என்பதை ஒளியைக் கொண்டே படிக்கும் வழியைக் கண்டறிந்தார். நோபல் பரிசு பெற்றவர் என்ற அளவில் அவரை அனைவரும் அறிவோம். அவர் எதற்காக அப்பரிசைப் பெற்றார் என்பதை அந்த அளவுக்கு அறிவோமா என்பது ஐயமே.

அதை அறிய ஒரு சிறிய முன்னுரை தேவை. ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும் என்று மேல்நிலை வகுப்பு மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஹீலியத்துக்கு அது 24.6, சோடியத்துக்கு 5.1. தேர்வுத் தாளில் இவை வெறும் எண்கள். உண்மையில் இவை, அணுக்கரு தன் எலக்ட்ரானை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்பதன் அளவுகள். நேர்மின்னூட்டம் கொண்ட அணுக்கரு எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரானை ஈர்க்கிறது. அந்தப் பிடியிலிருந்து அதை விடுவிக்கக் கொடுக்க வேண்டிய விலையே அந்த எண்.

கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் துகள் ஒன்று சுமந்து வரும் ஆற்றல் ஏறத்தாழ 1.6 முதல் 3.2 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. நம் மீது நாள் முழுவதும் வெயில் பட்டாலும் அந்த ஒளியால் உடலின் அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து சிதையாமல் இருப்பதற்குக் காரணம், அதன் ஆற்றல் அந்தப் பிடியை அவிழ்க்கப் போதாது என்பதே. எக்ஸ் கதிரின் துகளோ இதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு ஆற்றல் கொண்டது. ஆகவேதான் அதைப் பயன்படுத்தும் அறைகளில் அத்தனை பாதுகாப்பு. சோடியம் எளிதில் எலக்ட்ரானை இழப்பதும், ஹீலியம் எதனோடும் சேராமல் ஒதுங்கி நிற்பதும், உப்பு உப்பாகவும் நீர் நீராகவும் இருப்பதும் இந்தப் பிணைப்பின் இறுக்கத்தையும் தளர்ச்சியையும் பொறுத்தவையே.

அவிழ்க்க இயலாவிட்டாலும் அசைக்க இயலும். ஒளி ஓர் அலை. அது படும்போது, கட்டுண்ட எலக்ட்ரான்கள் கயிற்றில் கட்டிய ஊஞ்சல்போல ஒளியின் தாளத்துக்கு ஏற்ப ஆடுகின்றன; ஆடியபடியே ஒளியை நாலாபுறமும் திருப்பி வீசுகின்றன. இதுவே ஒளிச்சிதறல். காற்றின் மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் இறுக்கமாகக் கட்டுண்டிருப்பதால், மெதுவாக அலையும் சிவப்பு ஒளியைவிட விரைந்து அலையும் நீல ஒளிக்கே அவை மிகுதியாக இசைகின்றன. வானம் நீலமாக இருப்பது இதனால்தான். இந்த அளவுக்கு இங்கிலாந்தின் ராலே பிரபு முன்பே விளக்கியிருந்தார். ராமனின் கதை இதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது.

தந்தை சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர்; வயலினில் ஈடுபாடு கொண்டவர். தாய் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் ராமன் இரண்டாமவர். தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் பணி கிடைத்ததால் 1892-இல் குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறிய அச்சிறுவன், பின்னர் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904-இல் இளங்கலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். 1906-இல், முதுகலை மாணவராக இருந்தபோதே, ஒளியின் விளிம்பு விளைவு குறித்த அவருடைய கட்டுரை லண்டனின் ‘பிலாசாபிகல் மேகசின்’ ஆய்விதழில் வெளியாயிற்று.

இத்தகைய மாணவர் அக்காலத்தில் இங்கிலாந்துக்குச் செல்வதே வழக்கம். ராமனின் மெலிந்த உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். இந்தியாவில் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ள அன்று வழியில்லை. நிதித் துறைப் போட்டித் தேர்வை எழுதி வென்ற அவர், 1907-இல் லோகசுந்தரியை மணந்து, உதவித் தலைமைக் கணக்காயராகக் கல்கத்தா சென்றார். நல்ல ஊதியம், உயர்ந்த பதவி, பாதுகாப்பான எதிர்காலம். பெரும்பாலோர் வாழ்க்கையில் கதை அங்கே சுபமாக முடிந்திருக்கும்.

கல்கத்தாவின் பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வுக்கூடம் ஒன்று பெரிதும் பயன்படுத்தப்படாமல் கிடந்தது. ராமன் அதன் கதவைத் தட்டினார். அதன் பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள், அலுவலகத்துக்கு முன் காலையிலும், அலுவலகம் முடிந்து மாலையிலும் இரவிலும் அங்கே உழைத்தார். உதவிக்கு ஆசுதோஷ் தே என்ற ஒரே ஊழியர். கருவிகள் எளியவை.

அந்நாள்களில் அவரை மிகவும் ஈர்த்தது ஒலி. வீணை, தம்புரா, வயலின், தபலா, மிருதங்கம் ஆகியவற்றின் அதிர்வுகளை ஆராய்ந்தார். வெறும் தோலைக் கட்டிய பறையின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே தடவப்பட்டிருக்கும் கரிய பூச்சு, தோலின் எடையை இடத்துக்கிடம் மாற்றி, அந்த மேற்சுரங்களை ஒழுங்கான வரிசைக்குக் கொண்டுவருகிறது என்பதை அவர் காட்டினார். 1920-இல் ‘நேச்சர்’ இதழில் இது வெளியாயிற்று. பெயர் தெரியாத நம் கைவினைஞர்கள் செவியால் அறிந்து செய்ததை இயற்பியலின் மொழியில் எழுதியவர் அவர். இழுவிசை மிகுந்தால் சுரம் உயரும். எடை மிகுந்தால் தாழும் என்ற இந்தப் பாடத்தை நினைவில் கொள்வோம். பின்னர் மூலக்கூறைப் பேசும்போது இது தேவைப்படும்.

1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை, ஆசுதோஷ் முகர்ஜியின் அழைப்பை ஏற்று, அவர் மேற்கொண்டார். ஊதியம் நிதித் துறையில் பெற்றதைவிடக் குறைவு. ஆயினும் அரசுப் பதவியை விட்டு விலகினார். அவர் வாழ்வின் பெரிய துணிவு இதுவே எனலாம். நோபல் பரிசு கிடைக்கும் என்று அன்று யாரும் உறுதி அளித்திருக்கவில்லை.

1921-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்குச் சென்ற ராமன், ‘நர்குண்டா’ என்ற கப்பலில் திரும்பினார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. அது வானத்தின் பிரதிபலிப்பு என்பது ராலேயின் கருத்து. ராமன் தம் சட்டைப்பைக் கருவியான நிக்கல் பட்டகத்தின் வழியே கடலைப் பார்த்தார். பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை அது தடுத்துவிடும். பிரதிபலிப்பு மறைந்தது, நீலம் மறையவில்லை. அப்படியானால் நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று எழுதி, பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். சிவப்பு ஒளியை நீர் சிறிதளவு உறிஞ்சிக்கொள்வதும் கடலின் நீலத்துக்கு முக்கியக் காரணம் என்று பிற்கால அறிவியல் தெளிவுபடுத்தியது. ஆனால் பெரியவர் ஒருவர் சொன்னதைக் கண்ணால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற அவருடைய உந்துதல்தான் அடுத்த ஏழாண்டு உழைப்பின் விதை.

கல்கத்தா திரும்பியதும் நீர், பனிக்கட்டி, பலவகைத் திரவங்கள் என ஒவ்வொன்றிலும் ஒளிச்சிதறலை அளக்கும் பணியில் தம் மாணவர்களை ஈடுபடுத்தினார். 1923-இல் கே.ஆர். ராமநாதன் ஒரு விந்தையைக் கண்டார். சிதறிய ஒளியோடு, உள்ளே செலுத்தாத நிறமும் மங்கலாகக் கலந்து வந்தது. திரவத்தில் மாசு இருக்கலாம் என்று கருதி மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தினார்கள். மங்கல் நிறம் போகவில்லை. கிளிசரினில் வெங்கடேஸ்வரனும் அதையே கண்டார். 1928-இன் தொடக்கத்தில், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் இரவும் பகலும் ராமனுடன் இச்சோதனையில் ஈடுபட்டார். பற்பல திரவங்களிலும் அது தோன்றியது. பிப்ரவரி 28 அன்று நிறமாலைக் காட்டியில் அந்தப் புதிய ஒளி, செலுத்திய ஒளியிலிருந்து பிரிந்து தனியே தெரிந்தது. பின்னர் பாதரச விளக்கின் ஒற்றை நிற ஒளியைச் செலுத்தியபோது, புதிய கோடுகள் தெளிவாகப் பதிவாயின.

நிகழ்ந்தது என்ன? பென்சீன் என்ற திரவத்தை எடுத்துக்கொள்வோம். பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட நீல ஒளி அதற்குள் நுழைகிறது. வெளிவரும் ஒளியில் மிகப்பெரும் பகுதி அதே நிறம். ஏறத்தாழ ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்று மட்டும் 455.5 நானோமீட்டர் அலைநீளத்துடன் வருகிறது. நுழைந்தபோது அதன் ஆற்றல் 2.84 எலக்ட்ரான் வோல்ட், வெளியேறும்போது 2.72. இடையில் குறைந்த 0.12 எங்கே போயிற்று? பென்சீன் மூலக்கூறில் ஆறு கார்பன் அணுக்கள் வளையமாக அமைந்துள்ளன. அந்த வளையம் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும் அதிர்வுக்கு அந்த ஆற்றல் செலவாயிற்று.

அணுக்களை மூலக்கூறில் சேர்த்துக் கட்டியிருப்பது எலக்ட்ரான்களே. அணுக்கள் அதிரும்போது, அவற்றைச் சூழ்ந்த எலக்ட்ரான் முகில் சற்று இறுகியும் தளர்ந்தும் மாறுகிறது. ஒளிக்கு அது இசைந்து ஆடும் திறமும் கூடிக் குறைகிறது. அந்த மாற்றம் சிதறும் ஒளியில் முத்திரையாகப் பதிகிறது. மிருதங்கத்தின் பாடம் இங்கே பொருந்தும். எலக்ட்ரான் பிணைப்பு இறுக்கமானால் அதிர்வு விரைவாகும். அணுக்களின் எடை கூடினால் அதிர்வு தாழும். ஒரு சோடி எலக்ட்ரான்களால் கட்டிய கார்பன் அணுக்களைவிட இரண்டு சோடிகளால் கட்டியவை உயர்ந்த சுரத்தில் அதிரும். மூன்று சோடிகள் என்றால் அதனினும் உயர்ந்த சுரம். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் தனித்ததொரு சுர வரிசை உண்டு. ராமன் விளைவு என்பது அந்தச் சுரங்களை ஒளியின் வழியே கேட்பது.

கிட்டத்தட்ட அதே நாள்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மண்டெல்ஸ்டாமும் குவார்ட்சுப் படிகத்தில் இதே விளைவைக் கண்டிருந்தனர். ஆனால் ராமன் உடனே அறிவித்தார்; உடனே எழுதினார்; எண்ணற்ற திரவங்களில் அதை நிறுவினார். 1930-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. ஆசியாவைச் சேர்ந்த ஒருவருக்கு அறிவியலில் அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. பரிசு தமக்குத்தான் என்ற உறுதியில், அறிவிப்புக்கு முன்பே சுவீடன் செல்லும் கப்பலுக்கு அவர் பயணச்சீட்டு எடுத்துவிட்டார்.

அந்தத் தன்னம்பிக்கையே அவருக்கு இடையூறாகவும் அமைந்தது. பரிசு அவர் ஒருவருக்கே கிடைத்தது. உடன் உழைத்த கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. இருவருக்கும் இடையே பின்னாளில் விரிசலும் ஏற்பட்டது. 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ராமன், நிர்வாகத்துடன் ஏற்பட்ட மோதலால் 1937-இல் அப்பொறுப்பிலிருந்து விலகி, 1948 வரை அங்கே பேராசிரியராக மட்டும் பணியாற்றினார். கமலா பாகவத் என்ற மாணவி அக்கழகத்தில் சேர வந்தபோது, பெண் என்பதால் முதலில் மறுத்தார். அவர் விடாது வாதாடிய பிறகே, அதுவும் நிபந்தனைகளுடன், இடம் கொடுத்தார். பின்னர் அவர் திறத்தை ஏற்றுக்கொண்டார். அன்னா மணி முதலிய பெண்கள் ராமனின் ஆய்வுக்கூடத்திலேயே உழைத்துப் புகழ்பெற்றனர். படிகங்களின் அதிர்வு பற்றி மாக்ஸ் பார்ன் என்ற அறிஞருடன் எழுந்த கருத்து வேறுபாட்டில் அறிவியல் உலகம் பார்ன் பக்கமே நின்றது. ராமன் இறுதிவரை இறங்கி வரவில்லை. ராலேயை ஐயுற்றுக் கடலைச் சோதித்த அதே மனிதர், தம்மையே ஐயுறத் தவறிய இடங்கள் இவை. புகழுரைகளில் இவற்றை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

வைரம் அவருக்கு வாழ்நாள் காதல். ஏராளமான வைரக் கற்களைத் திரட்டி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். எலக்ட்ரான் பிணைப்பு ஏன் முக்கியம் என்பதற்கு வைரத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. வைரமும் பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் ஒரே கார்பன்தான். வைரத்தில் ஒவ்வோர் அணுவின் நான்கு வெளி எலக்ட்ரான்களும் அண்டை அணுக்களோடு இறுகக் கட்டுண்டவை. அவற்றை விடுவிக்க ஏறத்தாழ 5.5 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியால் அது இயலாது. ஆகவே ஒளி ஊடுருவிச் செல்கிறது, கல் தெளிவாக மின்னுகிறது. கிராஃபைட்டில் ஓர் எலக்ட்ரான் தளர்வாக உலவுகிறது, அது ஒளியை உறிஞ்சுகிறது, பொருள் கறுக்கிறது, மின்சாரத்தையும் கடத்துகிறது.

செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்றது திருச்சி வட்டாரம். அந்தக் கற்களும் கண்ணுக்கு வைரம்போலவே மின்னும். ராமன் நிறமாலைமானியின் முன் வைத்தால் உண்மை நொடியில் தெரிந்துவிடும். கார்பன் பிணைப்பின் அதிர்வை வைரம் ஒரே கூரிய கோடாகக் காட்டும். சிர்கோனியத்தால் ஆன கல்லில் அந்தக் கோடு இராது. கல்லை உரச வேண்டியதில்லை, உடைக்க வேண்டியதில்லை.

1960-இல் லேசர் பிறந்த பின்னர் ராமன் விளைவு புத்துயிர் பெற்றது. கோடியில் ஒரு துகளைத் தேடும் பணி லேசரால் எளிதாயிற்று. மூடிய குப்பியைத் திறக்காமலேயே உள்ளிருப்பது சரியான மருந்துதானா என்று ஆலைகளில் இன்று சோதிக்கிறார்கள். போதைப்பொருளையும் வெடிபொருளையும் கண்டறியும் கையடக்கக் கருவிகள் பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளன. 2021-இல் செவ்வாயில் இறங்கிய ‘பெர்சிவரன்ஸ்’ ஊர்தியும் இந்த முறையில் இயங்கும் கருவிகளைச் சுமந்து சென்று, அங்குள்ள பாறைகளில் எந்த அணு எதனோடு எப்படிக் கட்டுண்டிருக்கிறது என்று கேட்கிறது. திருவானைக்காவலில் பிறந்தவரின் பெயர் அங்கும் உடன் சென்றிருக்கிறது.

ராமன் 1948-இல் பெங்களூரில், மைசூர் மன்னர் வழங்கியிருந்த நிலத்தில், தம் பெயரிலான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். மணிக்கற்கள், பறவை இறகுகள், வண்ணத்துப்பூச்சிகள், பூக்கள் எனத் தாம் கண்ட நிறங்களுக்கெல்லாம் காரணம் தேடியபடியே முதுமையைக் கழித்தார். 1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1970 அக்டோபர் 2 அன்று வழக்கம்போலக் காந்தி நினைவுச் சொற்பொழிவை நிகழ்த்தினார். நவம்பர் 21 அன்று மறைந்தார். அந்நிறுவனத்தின் தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது.

ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ஐத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். பேச்சுப் போட்டியும் கட்டுரைப் போட்டியும் நடக்கின்றன. கண்டுபிடிப்பின் ஆண்டு என்ன, பரிசின் ஆண்டு என்ன என்று வினாடி வினாவில் கேட்கிறோம். பள்ளி ஆய்வுக்கூடத்தின் முப்பட்டகமோ பல இடங்களில் செய்முறைத் தேர்வன்று மட்டுமே அலமாரியிலிருந்து இறங்குகிறது. 13.6 என்ற எண்ணை அறிந்த மாணவர், அந்த எண்ணின் விளைவைத் தம் கண்ணால் ஒருமுறையேனும் பார்த்ததில்லை என்றால் அவர் கற்றது பாதிதான். ராமனின் வாழ்க்கையில் மிகுந்த பொருட்செலவோ வெளிநாட்டுப் பட்டமோ இல்லை. சட்டைப்பையில் ஒரு பட்டகமும், கண்டதைச் சோதிக்காமல் விடாத மனமும் இருந்தன. அவ்வளவே.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. கே.கே. நகரில் ஒரு வீட்டு மாடியில், இருட்டிய பிறகு, பழைய குறுந்தகட்டைச் சாய்த்துப் பிடித்துத் தெருவிளக்கின் ஒளியை அதில் விழச் செய்தால் போதும். புதிய எல்.இ.டி. விளக்கு தொடர்ச்சியான வண்ணப் பட்டையைக் காட்டும். வீட்டில் பழைய குழல்விளக்கு இருந்தால் அதன் ஒளி தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து தெரியும். அவற்றுள் நீலக் கோடு, பாதரச அணுவில் கட்டுண்ட எலக்ட்ரான் ஒன்று மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கியதன் சுவடு. ராமன் பென்சீனுக்குள் செலுத்தியதும் அதே 435.8 நானோமீட்டர் ஒளிதான். ஏன் இரண்டும் வேறுபடுகின்றன என்று அருகில் நிற்கும் குழந்தை கேட்டால், பாடத்தில் வராது என்று சொல்லி அதைக் கீழே அனுப்பிவிடாமல் இருப்போம்.